கடகடவென்று படிக்கிறார்கள், கேள்வி கேட்டால் விழிக்கிறார்கள்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பாலக்காட்டின் கிழக்கு ஓரம், தமிழ் வழி ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகள் தடுக்காமல் வாசிக்கிறார்கள். ஆனால் மீனவர் பாடத்தில் ‘வலை ஏன் கிழிந்தது?’ என்று கேட்டால், ‘வலை’ வருகிற வரியை விரலால் தேடி அப்படியே எழுதி நீட்டுகிறார்கள். காரணம் அடுத்த வரியில் இருக்கிறது! இதற்கும் பாதி மார்க் கிடைத்துவிடுகிறது, அதுதான் எரிச்சல். அருஞ்சொற்பொருள் எழுதிப்போடுவதைத் தாண்டி என்ன செய்யலாம்?

மூணாறு எஸ்டேட் பள்ளி:
டீச்சர், ‘பிலுவன் தருவத்தில் மசிட்டியைத் திலுக்கினான்’ என்று அர்த்தமே இல்லாத ஒரு வரியைப் போர்டில் எழுதுங்கள். ‘மசிட்டியை எங்கே திலுக்கினான்?’ என்று கேளுங்கள். மொத்த வகுப்பும் ‘தருவத்தில்’ என்று கத்தும். ஒன்றும் புரியாமலே விடை சொல்லலாம் என்பது அவர்களுக்கே தெரிந்து சிரிப்பார்கள். அப்புறம் கேள்வி கேட்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். ஒரே நிபந்தனை: விடை ஒரே வரியில் கிடைக்கக் கூடாது.
1984இல் பாலின்க்சர், பிரவுன் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கற்பித்தல் முறையில் ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது என நான்கு உத்திகள் உண்டு. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், போகப்போகப் பிள்ளைகளே நடத்துவார்கள். நான்கையும் ஒரே பீரியடில் திணித்தால் சடங்காகிவிடும். நான் கேள்வியில்தான் தொடங்குவேன்.

பள்ளிப்பட்டுக்காரன்:
உத்தி சரி, ஆனால் உங்கள் பிள்ளைகள் கடலைப் பார்த்திருக்கிறார்களா? 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டம் தெரிந்த சுமாரான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிடத் தெளிவாக விவரித்தார்கள். இங்கே ஆந்திர எல்லையில் பல வீடுகளில் தெலுங்குதான். நான் புத்தகத்தைத் திறக்குமுன் விஷயத்தை எந்த மொழியிலும் பேச விடுவேன், எழுதுவது மட்டும் தமிழில். இன்ஸ்பெக்‌ஷன் அன்று கொஞ்சம் சங்கடம்தான், பரவாயில்லை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
இரண்டையும் செய்து பார்த்தேன். சித்தூர்ப் புழையில் வலை வீசுவதைப் பார்த்திருக்கிறீர்களா என்றதும், ‘பாறையில் மாட்டினால் கிழிஞ்சிரும், மாமா திட்டுவாரு’ என்றான் ஒருவன். வாரம் முழுக்க வாய் திறக்காத பையன்! பாடத்தை முடித்ததும், ‘வலை கிழிந்த அன்னைக்கு அவங்க வீட்டில் என்ன சாப்பிட்டாங்க?’ என்றாள் ஒருத்தி. பாடத்தில் விடை நேரடியாக இல்லை, முன்னும் பின்னும் புரட்டித்தான் சொல்ல முடிந்தது. இப்போது வேறு சிக்கல். குழுவுக்கு ஒரு வாயாடி எல்லாக் கேள்வியையும் கேட்டுவிடுகிறாள்.

மூணாறு எஸ்டேட் பள்ளி:
சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பெயர் வந்தவர்தான் கேட்க வேண்டும். வாயாடிக்குச் சுருக்கிச் சொல்கிற வேலை.