ஒகேனக்கல், ஓசூர் பக்கம் கைக்குழந்தையை வைத்து ஷூட்டிங்: அனுபவப் பகிர்வு

புரொடக்‌ஷன் மேனேஜர், தருமபுரி:
லொகேஷன் பர்மிஷன் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று நினைப்பார்கள். குழந்தை நடித்தால் கலெக்டரிடம் தனி அனுமதி வேண்டும். குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-இல் சேர்த்தது. படிவம் சி-யில் உறுதிமொழி, பெற்றோர் சம்மதம், 5 குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர். அந்த உறுதிமொழி 6 மாதம்தான் செல்லும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரம் என்பது உச்சவரம்பு. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்பாகப் போகணும். இதில்தான் கம்பெனிகள் நழுவுவது.

ஒகேனக்கல்லில் இன்னொரு சிக்கல்: பரிசலில் அக்கரை போனால் அது கர்நாடகாவின் சாமராஜநகர் மாவட்டம். எந்த மாவட்டத்தில் எடுக்கிறோமோ அங்கேதான் அனுமதி, தருமபுரித் தாள் உதவாது.

செவிலியர், கிருஷ்ணகிரி:
அந்த 5 மணிக் கணக்கு கைக்குழந்தைக்கு ஆகாதுங்க அண்ணா. கலிபோர்னியாவில் 15 நாள் முதல் 6 மாதம் வரை வயதுள்ள குழந்தை தளத்தில் இருப்பது மொத்தமே 2 மணி நேரம், அதில் வேலை 20 நிமிடம். 100 ஃபுட்கேண்டிலை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டிய வெளிச்சம் ஒரு தடவைக்கு 30 விநாடிதான் படலாம். நமக்கு அது சட்டமில்லை, ஆனால் கால்ஷீட்டை அப்படிப் போட்டால் தப்பில்லை.

6, 10, 14 வாரத் தடுப்பூசி போட்ட மறுநாள் ஷூட்டிங் வேண்டாம், காய்ச்சல் வரும். இருமுகிறவர் யாரானாலும் தூக்கக் கூடாது, ஹீரோயினாக இருந்தாலும் சரி. பிறந்த குழந்தை போலக் காட்ட உடம்பில் தேன் தடவாதீர்கள். கையைச் சப்பினால் வாய்க்குள் போகும். ஒரு வயதுக்குள் தேன் பொட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலை ஷாட் என்றால் குளிரில் துணியை நனைக்கிற யோசனையே கூடாது.

அசோசியேட் டைரக்டர், ஓசூர்:
மேடம் சொன்ன 20 நிமிடம் முகம் தெரிகிற ஷாட்டுக்கு மட்டும். முதுகு, தோள், தூளி எல்லாம் பொம்மைதான். பொம்மைக்குள் மூன்று, நாலு கிலோ மணல் பை வையுங்கள். எடையில்லாவிட்டால் அம்மாவாக நடிக்கிறவர் கை பொய் சொல்லிவிடும். லைட்டிங்கும் ஃபோகஸும் பொம்மையில் முடித்துவிட்டு, பால் குடித்து ஏப்பம் விட்ட பிறகே குழந்தையைக் கூப்பிடணும்.

கிளாப்பைத் தட்டாமல் போர்டை மட்டும் காட்டுங்கள். ஒலியை எடிட்டர் சேர்த்துக்கொள்வார். அழுகை தானாக வந்தால் எடுத்துக்கொள்ளலாம், கிள்ளுகிற பேச்சே கிடையாது. புகை மெஷின் ஓடிய அறையில் உடனே வைக்காதீர்கள். பரிசலில் எப்போதும் பொம்மைதான்: பெரியவர் லைஃப் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டினாலும் குழந்தை கழுத்து வழியே நழுவிவிடும்.