இன்டெல் சிப் உள்ள பழைய போனில் ஆப் ஏற மறுக்கிறது: என்ன செய்யலாம்?

பழையபெட்டி:
2015-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன். 4 ஜிபி ரேம், திரை, பேட்டரி எல்லாம் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 5, சிப் இன்டெல் ஆட்டம் இசட்3580. வீடியோ அழைப்பு ஆப் ஒன்றைப் போடப் பார்த்தால், சாதனத்துக்குப் பொருந்தாது என்கிறது பிளே ஸ்டோர். தம்பியின் புதுப் போனிலிருந்து ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) எடுத்துப் போட்டாலும் "நிறுவப்படவில்லை" என்று மட்டும் வருகிறது. ஆண்ட்ராய்டு 5 போதும் என்றுதான் ஆப் பக்கத்தில் இருக்கிறது. கோளாறு எங்கே?

சும்மாஒருவன்:
ஃபேக்டரி ரீசெட் அடித்துப் பாருங்க.

நிரல்கிறுக்கன்:
ரீசெட் வேண்டாம், படங்கள் போவதுதான் மிச்சம். ஏபிகே என்பது ஒரு ஜிப் கோப்புதான். திறந்து 'லிப்' ஃபோல்டருக்குள் பாருங்கள். ஆர்ம்64 (பெரும்பாலான போன்களில் உள்ள ஆர்ம் வகைச் சிப்புக்கான 64 பிட் கட்டளைகள்) மட்டும் இருந்து எக்ஸ்86 (உங்கள் இன்டெல் சிப்பின் வகை) இல்லையென்றால் காரணம் அதுவே. ஜாவா, காட்லின் என்ற நிரல் மொழிகளில் மட்டும் எழுதிய ஆப் எந்தச் சிப்பிலும் ஓடும். வீடியோ, கேம் போன்றவற்றில் சி++ என்ற மொழியில் எழுதிய பகுதி இருக்கும். அதை ஒவ்வொரு சிப் வகைக்கும் தனித்தனியே கம்பைல் செய்ய (அந்தச் சிப்பின் கட்டளைகளாக மாற்ற) வேண்டும். அப்புறம், தம்பி போனுக்கு பிளே ஸ்டோர் அந்தச் சிப்புக்கான துண்டுகளை மட்டுமே இறக்கியிருக்கும். அதை எடுத்து வந்து பயனில்லை.

உங்கள் போனில் ஹூடினி என்ற மொழிபெயர்ப்பான் இருக்கும். 32 பிட் ஆர்ம் கட்டளைகளை ஓடும்போதே எக்ஸ்86-க்கு மாற்றித் தரும். ஆகவே ஆப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் 'ஆர்மியாபி-வி7ஏ' (32 பிட் ஆர்முக்கான குறி) என்று குறித்த பழைய பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள்.

பழையபெட்டி:
லிப்பில் ஆர்ம்64 மட்டும்தான்! பழைய வி7ஏ பதிப்பு கிடைத்தது, ஏறிவிட்டது. ஆனால் அழைப்பில் போன் நன்றாகச் சூடாகிறது. எக்ஸ்86 என்றாலே கரண்ட் குடிக்கும் என்பார்களே, அதனாலா?

நிரல்கிறுக்கன்:
மொழிபெயர்ப்புக்கே தனி உழைப்பு போகிறது, சூடு அதனால் கூடும். வீடியோவின் தரத்தைக் குறைத்து வையுங்கள்.

எக்ஸ்86 மீதான அந்தப் பழி பாதிதான் உண்மை. 2012-ல் மோட்டோரோலா ஏறக்குறைய ஒரே உடலில் இரண்டு போன் விட்டது: ரேசர் ஐ-யில் இன்டெல், ரேசர் எம்-ல் குவால்காம். இன்டெல் போன் வேகத்தில் ஒன்றும் சோடை போகவில்லை. ஆனால் எல்டிஇ, அதாவது 4ஜி, இருந்தது குவால்காம் போனில்தான். சிப்போடு மோடத்தையும் (நெட்வொர்க்கோடு பேசும் பகுதி) சேர்த்துத் தந்தவர்கள் பக்கம் சந்தை போனது. ஆப் எழுதுபவர்களும் ஆர்ம் போனில்தான் சோதித்தார்கள். 2016-ல் இன்டெல் போன் சிப் திட்டங்களைக் கைவிட்டது. இதில் வேடிக்கை, எக்ஸ்ஸ்கேல் என்ற ஆர்ம் சிப் பிரிவு இன்டெல் கையிலேயே இருந்தது. 2006-ல் அதை மார்வெல்லுக்கு விற்றது. ஆர்ம் சிப்போடு ஐபோன் வந்தது அடுத்த ஆண்டு!

மௌனவாசகி:
மிப்ஸ் என்ற இன்னொரு சிப் வகையின் கதையும் இதுதான். ஆண்ட்ராய்டு என்டிகே (ஆப்பின் சி++ பகுதியை கம்பைல் செய்யும் கருவித் தொகுப்பு) 2018-ல் அதைத் தூக்கிவிட்டது.

பழையபெட்டி:
தரத்தைக் குறைத்தேன், சூடு பரவாயில்லை. ஆப் அப்டேட் கேட்கிறது, கொடுக்கலாமா?

நிரல்கிறுக்கன்:
வேண்டாம். புதியதில் ஆர்ம்64 மட்டும்தானே இருக்கிறது. பழைய ஏபிகேவை எங்காவது பத்திரமாக வையுங்கள். வங்கி ஆப் மட்டும் அந்தப் போனில் வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் நின்று போன போன் அது.