உதவி: பேய்க் குறும்படத்தில் பயமே வரவில்லை, எந்த ஷாட் சேர்க்கலாம்? (அவசரம்)

நிழல்நடை

வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். ஒரு பேய்க் குறும்படம் எடுத்திருக்கிறேன். எல்லாம் ஓரளவு வந்துவிட்டது, அந்த காரிடார் சீன் மட்டும் வேலைக்கே ஆகவில்லை. பார்த்தவர்கள் யாரும் பயப்படவில்லை, ஒருத்தர் சிரித்தே விட்டார். கேமராவைச் சாய்த்து டச் ஆங்கிள் வைத்தேன், க்ளோஸ்-அப் நிறைய வைத்தேன், கையில் பிடித்து ஹேண்ட்ஹெல்டில் ஆட்டி ஆட்டியும் எடுத்தேன். பேய் மேக்கப் அருமையாக இருக்கிறது. இன்னும் என்ன ஷாட் சேர்த்தால் டென்ஷன் ஏறும்? ஞாயிறு இரவுக்குள் கொடுத்தாக வேண்டும். ப்ளீஸ்.

கத்தரிக்கோல்

எந்த காரிடார் சீன்? நாங்கள் யாரும் படத்தைப் பார்க்கவில்லையே. யார் நடக்கிறார், எதற்காக நடக்கிறார், பேய் எப்போது தெரிகிறது? மொத்தம் எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓடுகிறது?

மூன்றாம்டேக்

எதில் எடுத்தீர்கள், கேமராவா போனா? ரீ-ஷூட் போக முடியுமா, இல்லை இருப்பதை வைத்து வெட்டி ஒட்ட வேண்டியதுதானா? இரண்டுக்கும் பதில் வேறு வேறு.

பழையரீல்

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. தம்பி, "இன்னும் என்ன ஷாட் சேர்க்கலாம்" என்பது குழம்பில் இன்னும் எவ்வளவு உப்பு போடலாம் என்று கேட்பதைப் போன்றது. டச் ஆங்கிள் வைத்தால் பயம் வந்துவிடும் என்று யார் சொன்னது? இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணத்தை முதலில் படித்துவிட்டு வாருங்கள். குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் 15 நிமிடம் பதற்றம். சமாசாரம் அவ்வளவுதான்.

ஒலிப்பித்தன்

நான் எப்போதும் சொல்வதுதான், ஷாட்டை விடுங்கள், சத்தத்தைப் பாருங்கள். எந்தப் பேய்ப் படத்தையும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். முதலில் பின்னணி இசையை எடுத்துவிட்டு, அந்த அறையில் யாரும் பேசாதபோது கேட்கும் சத்தத்தை மட்டும் வைத்துப் பாருங்கள். பேய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அதையும் நிறுத்துங்கள்.

நிழல்நடை

காரிடார் என்றால் வீட்டுக்குள்தான். ஒரு பெண் சத்தம் கேட்டு அறையிலிருந்து வெளியே வருகிறாள், காரிடார் கடைசியில் இருக்கும் ஸ்விட்சைப் போடப் போகிறாள், வழியில் ஒரு இருட்டறை திறந்து கிடக்கிறது, அதிலிருந்து பேய் வருகிறது. சாதாரண சீன்தான். போனில் எடுத்தேன், எல்லாரும் அதில்தானே எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டும் ஒரு விநாடி, ஒன்றரை விநாடி இருக்கும். வேகமாக வெட்டினால்தானே டென்ஷன்? சனிக்கிழமை இரவு வீடு கிடைக்கும், அந்தப் பெண்ணும் வருவாள். லிங்க் போட்டிருக்கிறேன், அந்த சீன் மட்டும்.

முப்பத்தைந்துஎம்எம்

லிங்க் பார்த்தேன். பிரச்சினை லென்ஸ். காரிடார் நீளமாகத் தெரிய வேண்டுமென்றால் போனில் இருக்கும், அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைடு லென்ஸுக்கு மாறுங்கள். ஸ்விட்ச் எங்கேயோ தூரத்தில் இருப்பது போல ஆகிவிடும், அவள் நடந்துகொண்டே இருப்பாள். பேய் பின்னால் நிற்கும் ஷாட்டுக்கு மட்டும் டெலி, அதாவது தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ். அப்போது பின்னணி நெருக்கப்பட்டு, பேய் அவள் தோளிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். லென்ஸ் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கத்தரிக்கோல்

லிங்குக்கு நன்றி, இப்போது புரிகிறது. இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது, காரணம் இதுதான்: 0:14-இல் அவள் திரையில் இடமிருந்து வலமாக நடக்கிறாள். அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாக. பயந்து திரும்பி ஓடுகிறாள் என்றே நினைத்தேன். 180 டிகிரி கோட்டை, அதாவது அவள் நடக்கும் திசையில் போகும் கற்பனைக் கோட்டை, தாண்டி அந்தப் பக்கம் கேமராவை வைத்திருக்கிறீர்கள். அதோடு, எந்த இடத்திலும் காரிடார் முழுதாகத் தெரியவில்லை. அந்த இருட்டறைக் கதவு எங்கே இருக்கிறது, ஸ்விட்சுக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் நின்று எடுத்ததால் உங்களுக்குத் தெரியும்.

பேய் எந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடும் என்று தெரிந்தால்தான் பார்ப்பவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்போது அவர் பயப்படவில்லை, அவள் எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருக்கிறார். தேடி முடிப்பதற்குள் ஷாட் மாறிவிடுகிறது.

சந்தேகம்: அவர் சிரித்தது 0:21-இல் பேயின் முகம் க்ளோஸ்-அப்பில் வந்தபோதுதானே?

ஜன்னலோரம்

எனக்கும் 0:21-இல்தான் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். மேக்கப் நன்றாக இருக்கிறது, அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் காட்டினால் மேக்கப்பாக மட்டும்தான் தெரிகிறது.

இன்னொன்று, ஹேண்ட்ஹெல்ட். அவளுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் ஆடிக்கொண்டே போகிறீர்கள். அப்படி ஒரு ஷாட் வந்தால் யாரோ அவளைப் பின்தொடர்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அடுத்த ஷாட்டில் முன்னாலிருந்து பார்த்தால் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை, கேமரா அப்போதும் ஆடுகிறது. அப்புறம் அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம்? பேயின் பார்வை என்றால் பேயின் பார்வையாக மட்டும் வையுங்கள், மற்றதெல்லாம் ட்ரைபாடில்.

மூன்றாம்டேக்

யாரும் கவனிக்காத ஒன்று. 0:19-இல் அவள் இருட்டுப் பக்கம் போனதும் படம் மெல்ல வெளுக்கிறது. போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டுகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய கதவு சாம்பலாகிறது, புள்ளி புள்ளியாக இரைச்சல், உள்ளே நிற்பவரின் முழங்கை கூடத் தெரிகிறது. பேய் வருவதற்கு இரண்டு விநாடி முன்பே பேய் டீ-ஷர்ட்டோடு காத்திருப்பதைப் பார்த்துவிட்டேன்.

பெரும்பாலான போன்களில் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவு) போகஸும் பூட்டிக்கொள்ளும். வெளிச்சமான இடத்தில் பூட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மேனுவலாக வைக்கும் ஆப் இருந்தால் இன்னும் நல்லது, விநாடிக்கு 24 ப்ரேம் என்றால் ஷட்டர் வேகம் 1/50 விநாடியை ஒட்டி இருக்கட்டும். முன்பக்க விளக்கை அணையுங்கள். காரிடார் கடைசியில், கண்ணில் படாத இடத்தில் ஒரே ஒரு விளக்கு. அவள் நிழலுருவமாகத் தெரிவாள், கதவு வெறும் கறுப்பாக இருக்கும்.

பழையரீல்

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். நான் சொன்ன வெடிகுண்டுதான் பதில். அவள் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, இருட்டறைக்குள் பேய் நிற்பதை ஒரு ஷாட்டில் காட்டிவிடுங்கள். பிறகு அவள் நடக்கட்டும். பார்ப்பவர் "போகாதே" என்பார். வேலை முடிந்தது.

இருள்விரும்பி

வேலை முடிந்தது உண்மைதான், பயமும் முடிந்துவிடும். குண்டு என்றால் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும், அதனால் அது மேஜைக்கடியில் இருப்பதைப் பார்த்தாலே போதும். பேய் என்ன செய்யும் என்று தெரியாது, அதுதான் அதன் பலமே. முழுதாகக் காட்டிவிட்டால் அது மேக்கப் போட்ட ஒரு ஆள். த்ரில்லருக்குச் சொன்ன விதியைப் பேய்ப் படத்துக்கு அப்படியே ஒட்டாதீர்கள்.

'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) படத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் படுக்கையறையில் உட்கார்ந்து போன் பேசும் ஷாட் ஒன்று உண்டு. கதவு நிலை மறைத்து அவர் பாதிதான் தெரிவார். ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் முழுதாகத் தெரியும்படிதான் முதலில் வைத்தாராம். இயக்குநர் போலன்ஸ்கி கேமராவை நகர்த்தச் சொல்லியிருக்கிறார். தியேட்டரில் கூட்டம் மொத்தமும் கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தலையைச் சாய்த்ததாம். அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

பழையரீல்

போன் பேசும் கிழவி பேயா?

இருள்விரும்பி

பேய் இல்லை என்பதால்தான் சொல்கிறேன். மறைத்து வைத்தாலே தலை சாய்கிறது.

ஜன்னலோரம்

இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்தே வரும். 'தி எக்ஸார்சிஸ்ட் 3' (1990) ஆஸ்பத்திரி காரிடார் காட்சி இந்தக் கேள்விக்கென்றே எடுத்தது போல இருக்கும். கேமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது. நர்ஸ் அங்கும் இங்கும் போகிறார், காவலர் வருகிறார், போகிறார். நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கேமரா எதையும் சுட்டிக் காட்டாது. இவ்வளவு நேரம் ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகமே வயிற்றைப் பிசையும். ஏதோ வரப்போகிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. கடைசியில் படக்கென்று ஒரு ஜூம், அத்தோடு கட்.

பழையரீல்

அது ஒரே ஷாட் இல்லை. நர்ஸ் அறைக்குள் போகும்போது உள்ளே வெட்டுகிறார்கள், நோயாளி திடுக்கென்று எழுந்து ஒரு பொய்ப் பயம் காட்டிவிட்டுத்தான் மறுபடி காரிடாருக்கு வருகிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஜன்னலோரம்

ஒரே ஷாட் என்று நான் எங்கே சொன்னேன்? அசையாமல் நிற்கிறது என்றேன். அந்தப் பொய்ப் பயம்தான் காட்சியின் தந்திரமே, பயம் முடிந்தது என்று மூச்சு விட வைத்துவிட்டு மறுபடி அதே தூரத்து ஷாட்டுக்கு வருவது.

புதுவிளக்கு

டாலி ஜூம் வைக்கலாமே? ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வில் வருமே, கேமரா நகரும்போதே ஜூமும் மாறி, பின்னணி மட்டும் விரிந்து போவது. அவள் கதவைப் பார்க்கும்போது வைத்தால் செமயாக இருக்கும்.

முப்பத்தைந்துஎம்எம்

போன் ஜூம் பெரும்பாலும் டிஜிட்டல், படத்தின் தரம் இறங்கும், அப்படியே வழுக்கிப் போகவும் செய்யாது. 'வெர்டிகோ' (1958) படத்தில் அந்த ஷாட்டுக்குப் படிக்கட்டையே நிஜமாக எடுக்கவில்லை, சின்ன மாதிரி ஒன்று செய்து பக்கவாட்டில் படுக்க வைத்து எடுத்தார்கள். ஆனால் லென்ஸ் மாறினால் பின்னணி எப்படி விரிகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மூன்றாம்டேக்

லென்ஸ் மாறுவதால் அல்ல. கேமரா தூரம் மாறுவதால். ஒரே இடத்தில் நின்று வைடில் எடுத்து அதன் நடுவை வெட்டிப் பெரிதாக்கினால் டெலியில் தெரியும் அதே அளவு நெருக்கம்தான் வரும். டாலி ஜூமில் லென்ஸ் செய்வது ஆள் அளவு மாறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

முப்பத்தைந்துஎம்எம்

ஏட்டுச் சுரைக்காய். செட்டில் யாரும் வெட்டிப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை, லென்ஸைத்தான் மாற்றுகிறார்கள்.

மூன்றாம்டேக்

லென்ஸை மாற்றிவிட்டு கேமராவையும் பின்னால் நகர்த்துகிறார்கள். அதனால்தான் மாறுகிறது.

கத்தரிக்கோல்

நீங்கள் இருவரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். நிழல்நடைக்கு நேரம் இல்லை.

நிழல்நடை, சனிக்கிழமை ரீ-ஷூட் போகிறீர்கள் என்றால் நான் இப்படித்தான் எடுப்பேன். அவள் அறைப் பக்கத்துக் கோடியில் ட்ரைபாட், கொஞ்சம் தாழ்வாக. மொத்த காரிடாரும் ஃப்ரேமில். அவள் வலப்பக்கமாக நடக்கட்டும், திறந்த கதவின் கறுப்பு இடப்பக்கம் பெரிதாக, காலியாக இருக்கட்டும். அவள் நடக்கும்போது கேமராவைத் திருப்பி (பேன் செய்து) கூடவே போகாதீர்கள், கை துறுதுறுக்கும். அவள் சின்னதாகிக்கொண்டே போவாள், அந்தக் கறுப்பு அப்படியே இருக்கும். அவள் கதவைத் தாண்டும்போது எதுவும் வரக் கூடாது. வரும் என்று நினைத்த இடத்தில் வராவிட்டால் பார்ப்பவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு நொடியும் எண்ணுவார்.

அவள் ஸ்விட்ச் கிட்டே போனதும் ஒரே ஒரு க்ளோஸ்-அப். முகத்தை ஃப்ரேமின் ஓரத்துக்குத் தள்ளி, அவள் பார்க்கும் பக்கம் இடமே இல்லாமல், முதுகுப் பக்கம் நிறைய இடம் விட்டு. ஸ்விட்சைத் தட்டுகிறாள், விளக்கு எரியவில்லை. காதில் ஏதோ விழுகிறது, அதை நமக்குக் கேட்க வைக்க வேண்டாம். (ஒலிப்பித்தன் மன்னிப்பாராக.) மறுபடி மொத்த காரிடாரும் தெரியும் அதே வைடு ஷாட், ஒரு அங்குலம் கூட மாறாமல். அவள் திரும்பி வருகிறாள். திறந்திருந்த கதவு இப்போது மூடியிருக்கிறது. கேமரா அதைக் காட்டப் போகக் கூடாது, அவளும் பார்க்கக் கூடாது. பார்ப்பவர் தானே கண்டுபிடிக்கட்டும். 0:21 முகத்தைத் தூக்கிவிடுங்கள்.

பழையரீல்

பேயே இல்லாமல் பேய்ப் படமா. சரி, நடத்துங்கள். அந்தக் கதவு மூடியதை பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள்.

ஒலிப்பித்தன்

மன்னித்தேன். ஆனால் கதவு மூடும் சத்தம், மிகச் சின்னதாக, க்ளோஸ்-அப்பில் அவள் முகத்தின் மேல் வந்தாக வேண்டும். அது வந்தால் பழையரீல் சொல்லும் பாதிப் பேரும் கவனிப்பார்கள்.

கத்தரிக்கோல்

சரி, அந்தச் சத்தம் வேண்டும்.

மூன்றாம்டேக்

எக்ஸ்போஷரைப் பூட்ட மறக்காதீர்கள்.

நிழல்நடை

எடுத்தாச்சு, கொடுத்தாச்சு. வைடு ஷாட் வேலை செய்தது, யாரும் சிரிக்கவில்லை. பேய் முகம் ஷாட்டைத் தூக்க மனசு வரவில்லை, கடைசியில் அரை விநாடி வைத்திருக்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

கத்தரிக்கோல்

அரை விநாடியா! லிங்க் போடுங்கள், பார்க்கலாம்.

முப்பத்தைந்துஎம்எம்

கடைசியில் எந்த லென்ஸில் எடுத்தீர்கள்?

பழையரீல்

வேலை முடிந்ததும் ஆளைக் காணோம். வழக்கம்தானே.

புதுவிளக்கு

இதே மாதிரி நானும் ஒன்று எடுக்கப் போகிறேன். ஒரு சந்தேகம், அந்தக் கதவை யாருக்கும் தெரியாமல் எப்படி மூடுவது? கயிறு கட்டி உள்ளேயிருந்து இழுக்க வேண்டுமா?

மூன்றாம்டேக்

நடுவில் க்ளோஸ்-அப் இருக்கிறதே. கேமராவை நிறுத்திவிட்டு நடந்துபோய் மூடுங்கள். ட்ரைபாடை மட்டும் இடித்துவிடாதீர்கள்.