டெரபின் ஓட்டை: அப்டேட் செய்த பிறகும் ஸ்கேனர் எச்சரிக்கிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் உபுண்டு 22.04 சர்வரில் எல்லா அப்டேட்டுகளையும் போட்டு ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். ஆனாலும் தணிக்கைக்கு வந்தவர்களின் ஸ்கேனர், 22-ஆம் போர்ட்டில், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் பாதுகாப்பாக நுழையும் முறை) இணைப்பின் செய்திகளை நடுவில் விழுங்கும் டெரபின் தாக்குதலுக்கு இடமிருப்பதாகவே அறிக்கை தருகிறது. எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்-இன், 2023 டிசம்பரில் வந்த 9.6 பதிப்பில்தான் தீர்வு உள்ளதாகப் படித்தேன். என் சர்வரோ 8.9 என்று காட்டுகிறது. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வதைத் தவிர வேறு வழியில்லையா?

மறுமொழி 1:
கம்பைல் செய்யாதீர்கள், பிறகு வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்களே சுமக்க நேரிடும். உபுண்டு, பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்த்துத் தருகிறது. எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு அது தெரியாது. எஸ்எஸ்எச் கட்டளையை இரண்டு 'வி' சேர்த்து (-vv) ஓட்டி, சர்வர் அனுப்பும் கீ எக்ஸ்சேஞ்ச் (சாவிப் பரிமாற்ற முறைகள்) பட்டியலில், திருத்தத்தின் அடையாளமான 'கெக்ஸ்-ஸ்ட்ரிக்ட்-எஸ்' என்று தொடங்கும் பெயர் உள்ளதா என்று பாருங்கள்.

கேட்டவர்:
இருக்கிறது, ஐயா. ஆனால் இரவில் பேக்கப் எடுக்கும் பழைய நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) அதே கட்டளையை ஓட்டினால், அது அனுப்பும் பட்டியலில், இணையும் முனைக்கான அடையாளமான 'கெக்ஸ்-ஸ்ட்ரிக்ட்-சி' இல்லை, சாச்சா20-பாலி1305 என்ற குறியாக்க முறையில்தான் இணைகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் ஸ்கேனர் தவறான காரணத்துக்காகச் சரியாகச் சொல்லியிருக்கிறது. எஸ்எஸ்எச், செய்திகளின் வரிசை எண்ணைக் குறியாக்கம் தொடங்கும்போது பூஜ்யத்துக்குத் திருப்புவதில்லை. ஆகவே இணைப்பின் நடுவில் இருப்பவர், குறியாக்கம் தொடங்குமுன் வெற்றுச் செய்தி ஒன்றைச் செருகிவிட்டு, தொடங்கியதும் வரும் முதல் செய்தியை விழுங்கிவிட்டால், இருமுனை எண்களும் மீண்டும் ஒத்துப்போகும். அந்த எண்ணையே நம்பியிருக்கும் சாச்சா20-பாலி1305-க்கு இழப்பு தெரியாது. கடவுச்சொல் இதனால் வெளியாகாது. விழுங்கப்படுவது, கூடுதல் வசதிகளை அறிவிக்கும் செய்திதான். எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கும் கண்டிப்பு முறை (அந்த 'கெக்ஸ்-ஸ்ட்ரிக்ட்'), இருமுனையும் அதை அறிந்திருந்தால் மட்டுமே செயல்படும்.

நாஸுக்கு அப்டேட் கிடைக்காவிட்டால், சர்வர் அமைப்புக் கோப்பின் சைஃபர்ஸ் (குறியாக்க முறைகள்) வரியில் ஏஇஎஸ்-ஜிசிஎம் வகை முறைகள் இரண்டை மட்டும் வையுங்கள். ஜிசிஎம் இந்த வரிசை எண்ணைச் சார்ந்ததல்ல. திறந்திருக்கும் ஒரு செஷனை மூடாமல் வைத்துக்கொண்டே எஸ்எஸ்எச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தக் கோப்பில் ஒரு காற்புள்ளி தவறியதால், சர்வருக்குள் நுழைய முடியாமல் நான் ஒருமுறை வெளியே நின்றிருக்கிறேன்.

கேட்டவர்:
நாஸ் இப்போது ஏஇஎஸ்128-ஜிசிஎம்-இல் இணைகிறது. நேற்றிரவு பேக்கப்பும் முடிந்தது. ஸ்கேனர் இன்னும் 8.9 என்றே முணுமுணுப்பதால், டெரபின் ஓட்டையின் பதிவு எண்ணான சிவிஇ-2023-48795-க்கான திருத்தம் பதிவாகியுள்ள பேக்கேஜ் சேஞ்ச்லாக்கை (மாற்றப் பட்டியல்) தணிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறேன்.