இலவச ஆற்றல் கருவி உண்மையா என்று எவ்வாறு சோதித்துப் பார்ப்பது?

தேடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கிலோவாட் மோட்டார், அது சுழற்றும் கனமான ஃப்ளைவீல், அதனோடு பெல்ட்டால் இணைந்த ஆல்டர்னேட்டர் ஆகியவை கொண்ட ஒரு கருவியை என் மைத்துனருக்கு ஒருவர் இயக்கிக் காட்டியிருக்கிறார். உள்ளே செல்வது ஒரு கிலோவாட் என்றும், வெளியே கிடைப்பது மூன்று கிலோவாட் என்றும், மிகுதி ஆற்றல் ஈர்ப்பு விசையிலிருந்தும் சக்கரத்தின் விளிம்பில் பதித்துள்ள காந்தங்களிலிருந்தும் வருகிறது என்றும் அவர் விளக்கியிருக்கிறார். கண்ணெதிரே பல்புகள் எரிந்ததையும் மீட்டர்களில் எண்கள் ஓடியதையும் பார்த்த மைத்துனர், இதைத் தயாரிக்கும் தொழிலில் பங்குதாரராகச் சேர முன்பணம் கொடுக்கும் முடிவில் இருக்கிறார்.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியில் படித்ததை நான் நினைவூட்டினேன். "புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காகக் கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்வீர்களா, மாப்பிள்ளை?" என்று அவர் கேட்டபோது என்னால் தெளிவாகப் பதில் சொல்ல இயலவில்லை. கருவியைக் காட்டியவரைப் பொய்யர் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அவர் மனப்பூர்வமாக நம்புபவராகவும் இருக்கலாம். அப்படியானால் மீட்டர்கள் எங்கே தவறாகக் காட்டியிருக்கும், எந்தச் சோதனை இந்த விவாதத்தை முடித்துவைக்கும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் ஒரு குடும்பத்துக்கே உதவியாக இருக்கும்.

கருவிப்பெட்டி எழுதியது:

வணக்கம். மின் அளவுமானிகளைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால், இத்தகைய அமைப்புகள் அவ்வப்போது என் மேசைக்கு வருவதுண்டு. முதலில் ஃப்ளைவீலைப் பார்ப்போம். 50 கிலோ எடையும் 60 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு திண்மத் தட்டு நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழலும்போது அதில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 27,800 ஜூல். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும், ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே அந்தச் சக்கரத்தில் இருப்பது ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 130-இல் ஒரு பங்குதான். ஒரு கிலோவாட் சுமையை அது அரை நிமிடத்துக்கும் குறைவாகவே தாங்கும். அந்த ஆற்றலும், தொடக்கத்தில் மோட்டார் உழைத்துச் சக்கரத்துக்குக் கொடுத்ததே தவிர வேறு எங்கிருந்தும் வந்ததில்லை. ஈர்ப்பு விசையோ, சமநிலையில் உள்ள சக்கரத்தின் ஒரு பக்கம் இறங்கும்போது கொடுப்பதை மறுபக்கம் ஏறும்போது முழுவதுமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

அடுத்தது மீட்டர்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் அனுபவம். மாறுதிசை மின்னோட்டத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியாக அளந்து பெருக்கினால் கிடைப்பது தோற்றத் திறன் மட்டுமே. ஒரு கப்பாசிட்டரை 230 வோல்ட் இணைப்பில் சேர்த்து 2 ஆம்பியர் ஓடவிட்டால், பெருக்கல் கணக்கு 460 என்று வரும்; ஆனால் அங்கே செலவாகும் உண்மையான திறன் ஏறத்தாழ சுழி. திறன் காரணியை (தோற்றத் திறனில் உண்மையான திறன் எவ்வளவு பங்கு என்பதை) சேர்க்காமல் வெளியீட்டுப் பக்கம் இப்படிப் பெருக்கிக் காட்டினால், இல்லாத கிலோவாட்டுகள் தாமாகவே முளைத்துவிடும்.

சுருள்களிலிருந்து துடிப்புகளாக வரும் மின்னோட்டத்தில் பிழை இன்னும் பெரிதாகும். 100 வோல்ட், 1 ஆம்பியர் அளவுள்ள ஒரு துடிப்பு மொத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே நீடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்ச மதிப்புகளைப் பெருக்குபவர் 100 வாட் என்று எழுதுவார். சராசரியாகக் கிடைப்பது 1 வாட். பேட்டரியை வைத்துக் காட்டப்படும் சோதனைகளுக்கும் இதே கதிதான். சுமையை எடுத்தவுடன் பேட்டரியின் வோல்டேஜ் தானாகவே சற்று ஏறும் என்பது பேட்டரிக் கடைக்காரர் அனைவரும் அறிந்ததே. அந்த ஏற்றத்தைப் பார்த்து "பேட்டரி மீண்டும் சார்ஜ் ஆகிவிட்டது" என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரே சுமையை இணைத்து, பேட்டரி தீரும்வரை ஓடவிட்டு, வெளிவந்த வாட்-மணியைக் கூட்டிப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு இருந்தது என்பது தெரியும்.

எனவே, உள்ளே செல்லும் கம்பியிலும் வெளியே வரும் கம்பியிலும் ஒரே வகையான யூனிட் மீட்டரைப் பொருத்தி, சில மணி நேரம் ஓடவிட்டு, பிறகு இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தி மீண்டும் ஓடவிட வேண்டும். மீட்டர்கள் நீங்கள் வாங்கிக் கொண்டுசென்றவையாக இருப்பது நல்லது.

ஊசல் எழுதியது:

கருவிப்பெட்டி அவர்கள் சொன்னதோடு, இந்தக் கனவு எவ்வளவு பழையது என்பதையும் மைத்துனர் அறிந்துகொள்வது பயன்தரும். 12-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கராச்சாரியார், ஆரக்கால்களில் பாதரசம் அடைக்கப்பட்டு ஓயாமல் சுழலும் ஒரு சக்கரத்தை விவரித்திருக்கிறார். ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் பலர் முயன்றார்கள். 1775-இல் பாரிஸ் அறிவியல் கழகம் நிரந்தர இயக்க இயந்திரங்களை இனி ஆராயப்போவதில்லை என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு சொன்ன காரணங்களில் ஒன்று என்னை எப்போதும் நெகிழவைக்கும்: இந்த முயற்சி குடும்பங்களை அழித்திருக்கிறது, பெரும்பணி ஆற்றியிருக்கக்கூடிய கைவினைஞர்கள் தம் பொருளையும் காலத்தையும் அறிவையும் இதில் இழந்திருக்கிறார்கள் என்பதே அது. ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய விஞ்ஞானிகள் ஆற்றல் அழிவின்மையை நிறுவுவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட அறிவிப்பு அது.

கண்ணால் கண்டதைப் பற்றி ஒன்று. 1812-இல் ஃபிலடெல்ஃபியாவில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் தாமாகவே இயங்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். அது பற்சக்கரத்தின் வழியாக இன்னொரு பொறியை ஓட்டுவதாகச் சொல்லப்பட்டது. ஆய்வுக்கு வந்திருந்தவர்களில் ஒருவருடைய மகன், பற்களின் தேய்மானம் இருக்க வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பதைக் கவனித்தான். ஓட்டுவதாகச் சொல்லப்பட்ட இயந்திரம், உண்மையில் ஓட்டப்பட்டுக்கொண்டிருந்தது! மறு ஆண்டு நியூயார்க்கில் அதே இயந்திரத்தைப் பார்த்த பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன், அதன் ஒலி சீராக இல்லாமல் ஏறி இறங்குவதைக் கேட்டு ஐயமுற்று, சுவரோடு பிணைத்திருந்த மரச்சட்டங்களைப் பெயர்த்தெடுத்தார். உள்ளே மறைந்திருந்த நரம்புக் கயிறு மேல்மாடி வரை சென்றது, அங்கே ஒரு முதியவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜான் கீலி என்பவர் காட்டிய மோட்டாரும் ஃபிலடெல்ஃபியாவில்தான் பல ஆண்டுகள் முதலீட்டாளர்களை ஈர்த்தது. 1898-இல் அவர் இறந்த பிறகு கட்டடத்தைத் திறந்து பார்த்தபோது, தரைக்கு அடியில் மூன்று டன் எடையுள்ள இரும்புக் கோளமும், சுவர்களுக்குள் குழாய்களும் கிடைத்தன. அழுத்தமூட்டிய காற்றே அந்த மோட்டாரை ஓட்டியது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

அண்மைக் காலத்தில் அயர்லாந்தின் ஸ்டியோர்ன் நிறுவனம் 2006-இல் பத்திரிகை விளம்பரம் வெளியிட்டு, விஞ்ஞானிகளையே தன் காந்தக் கருவியை ஆராய அழைத்தது. அந்த வெளிப்படைத்தன்மையை நான் மதிக்கிறேன். அழைப்பை ஏற்ற நடுவர் குழு, ஆற்றல் உற்பத்திக்கான சான்று எதுவும் காட்டப்படவில்லை என்று 2009-இல் ஒருமனதாகத் தெரிவித்தது.

திறந்த கதவு எழுதியது:

எல்லோருடைய விளக்கங்களையும் மதிப்போடு படித்தேன். எனினும் ஒரு ஐயம் எஞ்சுகிறது. 1903-இல் பியர் கியூரியும் ஆல்பர்ட் லபோர்டும் ரேடியத்தின் வெப்பத்தை அளந்தபோது, அது ஒவ்வொரு மணி நேரமும் தன் எடையைவிட அதிகமான பனிக்கட்டியை உருக்கும் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுவதும், அது ஓய்வதாகவே தெரியாததும் உலகத்தை வியக்கவைத்தன. அன்றைய பாடப்புத்தகத்தை மட்டும் வைத்து அதை மறுத்திருந்தால் அணு ஆற்றலையே இழந்திருப்போம் அல்லவா? வெற்றிடத்திலும் ஆற்றல் இருப்பதாகக் குவாண்டம் இயற்பியல் சொல்லும் இக்காலத்தில், விதியைக் காட்டிக் கதவை அடைப்பது சரியா?

ஊசல் எழுதியது:

மிக நல்ல கேள்வி, ரேடியத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இதற்குக் கிடைக்காது. ரேடியத்தின் வெப்பம் யாருடைய பூட்டிய அறையிலும் அடைபட்டிருக்கவில்லை. ஒரு கிராமின் சிறு பகுதியும் வெப்பத்தை அளக்கும் ஒரு கலோரிமீட்டரும் வைத்திருந்த எந்த ஆய்வகத்திலும் அதே எண் கிடைத்தது; நம்பிக்கை இல்லாதவர் அளந்தாலும் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே அந்த ஆற்றல் அணுக்கரு சிதைவதிலிருந்து வருகிறது என்பதும், ரேடியம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது என்பதும் தெளிவாயின. புதிய ஆற்றல் மூலம் ஒன்று உண்மையிலேயே வந்தபோது அது இப்படித்தான் வந்தது. ஆற்றல் அழிவின்மை விதியும் குலையவில்லை. கணக்கில் விடுபட்டிருந்த ஒரு வரவு கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த விதியை இயற்பியலாளர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் சரியன்று. பீட்டா சிதைவில் (அணுக்கரு ஓர் எலக்ட்ரானை உமிழும் சிதைவில்) ஆற்றல் குறைவதுபோல் தெரிந்தபோது, நீல்ஸ் போரே அதைக் கைவிட ஆயத்தமாக இருந்தார். வோல்ஃப்காங் பவுலி 1930-இல், கண்ணுக்குத் தப்பும் ஒரு துகள் அந்த ஆற்றலை எடுத்துச் செல்கிறது என்று முன்மொழிந்தார். நியூட்ரினோ எனப் பெயர்பெற்ற அந்தத் துகள் 1956-இல் சோதனையில் பிடிபட்டது. இதற்கெல்லாம் முன்பே 1918-இல் கணிதவியலாளர் எம்மி நோதர், இயற்கை விதிகள் நேரத்தோடு மாறாமல் இருப்பதிலிருந்தே ஆற்றல் அழிவின்மை பிறக்கிறது என்று கணித முறையில் காட்டியிருந்தார். ஆகவே, அந்த மூன்று கிலோவாட்டை ஏற்பதென்றால், நூற்றாண்டுக்கும் மேலாகப் பட்டறையிலும் ஆய்வகத்திலும் யாருக்கும் தென்படாத ஒன்றை ஏற்க வேண்டியிருக்கும். அது முடியாதது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குரிய சான்று பல்பு எரிவதைவிடப் பலமடங்கு உறுதியாக இருக்க வேண்டும்.

வெற்றிட ஆற்றலைப் பொறுத்தவரை, மிக நெருக்கமாக உள்ள இரு உலோகத் தட்டுகளுக்கிடையே இருக்கும் என்று 1948-இல் இயற்பியலாளர் காசிமிர் கணித்த விசை பின்னர் அளக்கப்பட்டுள்ளது, அது உண்மையே. ஆனால் சுழிநிலை ஆற்றல் என்பது ஓர் அமைப்பு இறங்கக்கூடிய மிகக் கீழ்நிலை. இறங்குவதற்கு இடமே இல்லாதபோது அதிலிருந்து தொடர்ந்து எடுப்பது எப்படி? காந்தங்களும் அப்படியே. இரும்பை இழுக்கும்போது கொடுக்கும் வேலையை, அதைப் பிரித்தெடுக்கும்போது காந்தம் திரும்பக் கேட்கிறது. முழுச் சுற்று முடிந்தால் மிச்சம் எதுவும் இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் நியோடிமியம் காந்தம் தரக்கூடிய புல ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு, ஒரு சாதாரண ஏஏ அல்கலைன் பேட்டரியிலோ ஏறத்தாழ 10,000 ஜூல் இருக்கிறது. காந்தத்தின் இழுப்பைக் கையில் உணரும்போது அதற்குள் பெரும் களஞ்சியம் இருப்பதாகத் தோன்றுவதால்தான் இத்தனை கருவிகளில் அது இடம்பெறுகிறது என்று நினைக்கிறேன்.

சுற்றுப்புறத்திலிருந்து ஆற்றலை எடுக்கும் நேர்மையான கருவிகளும் உண்டு, அவற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உள்ள பெவர்லி கடிகாரம், 1864-இல் செய்யப்பட்டது, காற்றழுத்தமும் வெப்பநிலையும் மாறுவதால் தானாகவே சாவி ஏறிக்கொள்கிறது. வெப்பநிலை போதிய அளவு மாறாத நாட்களில் அது நின்றும் இருக்கிறது. வரவு எங்கிருந்து வருகிறது என்பதை அந்த நிறுத்தமே சொல்லிவிடுகிறது.

தேடல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மைத்துனரும் இவற்றைப் படித்துவிட்டு, கருவிக்காரரிடம் வெளியிலிருந்து மோட்டாருக்கு வரும் மின்னிணைப்பைத் துண்டித்து ஓட்டிக் காட்டும்படி கேட்டார். அந்த இணைப்பை எடுத்தால் காந்தப்புலத்தின் ஒத்திசைவு குலைந்து கருவி நின்றுவிடும் என்று பதில் வந்திருக்கிறது. இந்தக் காரணம் ஏற்கத்தக்கதா?

கருவிப்பெட்டி எழுதியது:

ஏற்கத்தக்கதன்று. மோட்டாருக்கு வேண்டியது குறிப்பிட்ட வோல்டேஜும் அதிர்வெண்ணும் உள்ள மின்சாரம்தான். அது எங்கிருந்து வருகிறது என்பதை மோட்டார் அறியாது. வெளியீட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்து ஒரு பேட்டரியைச் சார்ஜ் செய்து, அதே பேட்டரியிலிருந்து நல்ல இன்வெர்ட்டர் வழியாக மோட்டாருக்குக் கொடுங்கள். வழியில் 20 விழுக்காடு இழப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மோட்டாரின் ஒரு கிலோவாட்டுக்கு 1.25 கிலோவாட் போதும். மூன்று கிலோவாட் உண்மையானால் இன்னும் 1.75 கிலோவாட் மீதம் இருக்கிறது. அதில் ஒரு கிலோவாட் ஹீட்டரை மட்டும் இணைத்து ஓடவிடச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டில் 1840 முதல் ஒரு மின்மணி பழைய உலர் பேட்டரிகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. எடுக்கும் மின்னோட்டம் அத்தனை சிறியது. எனவே சின்னஞ்சிறு எல்இடி விளக்கு வாரக்கணக்கில் எரிவது எதையும் நிறுவாது. ஒரு கிலோவாட் சுமையோ அப்படியன்று. கருவியின் மொத்த எடை 300 கிலோ என்றும், இரும்பு செம்பு எதுவுமின்றி அது முழுவதும் மிக நல்ல லித்தியம் பேட்டரி என்றும் கற்பனை செய்தாலும், கிலோவுக்கு 250 வாட்-மணி என்ற கணக்கில் 75 யூனிட்தான் கிடைக்கும். அது 75 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே கருவியை எடை போட்டு, தரையிலிருந்து உயர்த்தி, அடியிலும் சுற்றிலும் கம்பி எதுவும் இல்லாதபடி மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, ஹீட்டருக்கு முன் உங்கள் யூனிட் மீட்டரைப் பொருத்தி, ஏழு நாட்கள் இடைவிடாமல் ஓடவிடக் கேளுங்கள். மீட்டர் 168 யூனிட் காட்டினால் மறைத்துவைத்த பேட்டரி என்ற ஐயத்துக்கு இடமே இல்லை. எரிபொருள் இன்ஜின் இருந்தால் புகையும் சத்தமும் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையிலேயே மூன்று மடங்கு தரும் கருவியை வைத்திருப்பவருக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை, கருவியின் உட்புறத்தைத் திறந்து காட்ட வேண்டிய தேவைகூட இல்லை. இந்த நிபந்தனையை எழுத்தில் கொடுத்து, ஏழாம் நாள் மீட்டரை மைத்துனர் தாமே படித்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசட்டும்.