துக்க வீட்டில் பண்டிகை நாள்: உங்கள் வீட்டில் எப்படிக் கடந்தீர்கள்?

வயல்காட்டுப் பெண்

அம்மா ஆவணியில் தவறிவிட்டார். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. பலகாரச் சட்டி ஏற்ற மாட்டோம், புதுத்துணி எடுக்க மாட்டோம். இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். மனசு சரியில்லாதவரை "சந்தோஷமா இரு" என்று யாரும் வற்புறுத்தாமல் அது காப்பாற்றுகிறது. ஆனால் அதே வழக்கத்தால் தீபாவளி அன்று யாரும் நம் வாசலுக்கு வருவதும் இல்லை. ஊரே கூடியிருக்கும் நாளில் துக்கப்படுகிறவர் மட்டும் தனியாக இருக்கிறார்.

அப்பா விவசாயி. ஐப்பசியில் சம்பா வயலில் எவ்வளவு வேலை இருக்கும்! இந்த வருஷம் வரப்புப் பக்கமே போகவில்லை. ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் விழித்துக்கொள்வார். சோறு இறங்கவில்லை. இதெல்லாம் துக்கத்தில் வருவதுதான். என்னை உறுத்தியது அவருடைய பேச்சு. "நான் இருந்து யாருக்கு என்னம்மா பிரயோசனம்?" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார். அம்மா போனதற்கே தான்தான் காரணம் என்பதுபோலப் பேசினார்.

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "அப்பா, செத்துப்போயிடலாம்னு தோணுதாப்பா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பப்ப தோணுதும்மா" என்றார். அம்மா போனதிலிருந்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனதில் போட்டுவிடுவோமோ என்று பலருக்கும் பயம். அப்படி ஆவதில்லை என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அப்பா காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தை எல்லாம் அன்றைக்கே சித்தப்பா எடுத்துப்போய்த் தன் வீட்டில் பூட்டி வைத்தார். அந்த எண்ணத்தின் வேகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது, ஏறி இறங்கும். ஏறும் நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது. தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் சென்னை சினேகா அமைப்பு கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை ஒரு பொது இடத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்து பார்த்ததே இதற்காகத்தான். விவசாய வீடுகளில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

மறுநாள் காலை அத்தை இட்லித் தூக்கோடு வந்துவிட்டார். "பண்டிகைக்கு வரல, எங்க அண்ணங்கூட சாப்பிட வந்தேன்" என்றார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அப்பாவுடனேயே இருந்தார். அத்தைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

விடுமுறை முடிந்ததும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனோம். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், பலன் தெரியவில்லை என்று நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் மருத்துவர். இப்போது தூக்கம் கொஞ்சம் சரியாகியிருக்கிறது.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

கோவை அண்ணன்

நேராகக் கேட்டீர்கள் பாருங்கள் சகோதரி, அது பெரிய விஷயம்.

எங்கள் வீட்டில் துக்கம் இல்லை. தம்பிக்கு பைபோலார், மனநிலை அளவுக்கு மீறி ஏறவும் இறங்கவும் செய்கிற நோய். அவனுக்குப் பண்டிகை என்றாலே ஆபத்து தூக்கத்தில்தான். சென்னையிலிருந்து ராத்திரி பஸ், வந்து இறங்கியதும் எண்ணெய்க் குளியல், விடிய விடியப் பேச்சு. தூக்கம் கெட்டால் மனநிலை எகிறிவிடும். அதனால் இப்போதெல்லாம் பகல் ரயிலில்தான் வருகிறான். தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. ஊர் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால் தம்பிக்குப் பின்கட்டு அறை. பண்டிகை அன்று மருந்துக்கடை பூட்டியிருக்கும், மாத்திரையை முன்கூட்டியே வாங்கிவிடுவோம். "இன்னுமா மாத்திரை சாப்பிடுறான்?" என்று கேட்கிற மாமாவுக்கு அம்மாவே பதில் சொல்லிவிடுவார். "சர்க்கரைக்கு நீங்க சாப்பிடலையாண்ணா?"

விடுதி அறை

நான் போன தீபாவளிக்கு ஊருக்குப் போகவில்லை. வேலை போயிருந்தது, வீட்டில் சொல்லவில்லை. விடுதியே காலி. ராத்திரி படபடப்பு தாங்காமல் 14416-க்கு அடித்தேன். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். முதலில் ஓர் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மருத்துவருக்கு மாற்றுவார்கள். என்னிடம் பேசிய அக்கா அவசரப்படுத்தவே இல்லை. "இப்ப பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். போனை வைப்பதற்குள் ஒரு நண்பனை வரச் சொல்ல வைத்தார். அவனும் வந்தான்.

வேலை போனதை அடுத்த வாரம் வீட்டில் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?"

வயல்காட்டுப் பெண்

தம்பி, அந்த எண்ணை எழுதியதற்கு நன்றி. அப்பாவின் போனிலும் சித்தப்பாவின் போனிலும் பதிந்துவிட்டேன். பொங்கலும் எங்களுக்குக் கிடையாது. ஆனால் அன்றைக்கு அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் மதியம் வெறும் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.