புதுப்பிப்பு: அப்பாவின் மூச்சிரைப்புக்குக் காரணம் தெரிந்தது

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள அப்பாவுக்கு இன்ஹேலரை மாற்றியும் மூச்சிரைப்பு குறையவில்லை, கணுக்காலும் வீங்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. 'இதயத்துக்கு எக்கோ (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துப் பாருங்க' என்றவர் சொன்னதுதான் சரி. நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடுதல், வலப்பக்க இதயம் திணறுகிறது. ஆக்சிஜன் குறைந்தே இருந்தால் நுரையீரலில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, சுவரும் தடித்துவிடுமாம்.

இப்போது வீட்டில் ஆக்சிஜன் மெஷின், நாளுக்கு 15 மணி நேரமாவது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் சாமி விளக்கை வேறு அறைக்கு மாற்றிவிட்டோம். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

எதிர்பாராதது: இங்கே சிலர் சொன்ன, ரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மருந்தை டாக்டர் தரவில்லை. காற்று சரியாகப் போகாத பகுதிக்கும் ரத்தம் திரும்பி, ஆக்சிஜன் இன்னும் இறங்கலாம் என்றார்.

மூன்று வாரத்தில் செருப்பு வார் மறுபடி மாட்ட முடிகிறது. புளோக் கீழே காப்பிக்கடை வரை நடக்கிறார், நடுவில் ஒரு தடவை உட்கார்ந்து.